ஓட்டை போடாத டின்

இன்று காலை தேநீருக்குப் பால் டின்னைத் திறக்க ஆணியையும் சுத்தியலையும் எடுத்தேன். டின் திறக்கும் கருவி வீட்டில் இருக்கிறது, மருமகள் வாங்கி வைத்தது. எனக்குக் கை போவது ஆணியிடம்தான். ஒரு தட்டு, ஓட்டை விழுந்தது. காற்று போக எதிர்ப்பக்கம் இன்னொரு தட்டு. ஓட்டையின் வாயில் பால் ஒரு சொட்டாக எழும்பி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் தண்ணீர் பாதி வற்றிப்போனது. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "கிராணி, கணக்கு பாத்து முடிச்சாச்சா? இன்னிக்குத் தேத்தண்ணி உண்டா இல்லையா?" என்று கேட்டிருப்பாய். எப்போதும் கணக்கிலேயே கிடக்கிறவள் என்று, தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவைச் சொல்கிற அந்தப் பெயரை எனக்கு வைத்தவள் நீதான்.

செத்துப்போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான். அது உனக்கும் தெரியும். ஆனால் உன் காரியத்தன்று உன் வீட்டு அடுப்படியில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருப்பது எனக்கு ஒத்து வரவில்லை. தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். இந்தக் கதையை நாம் சேர்ந்து எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம், ஒவ்வொரு முறையும் நீ நடுவில் புகுந்து உன் பங்கைக் குறைத்துவிடுவாய். இப்போது குறுக்கே பேச உன்னால் முடியாது.

நாம் இருவரும் ஒரே பாடத்தை ஆளுக்குப் பாதியாக நடத்தினோம். அப்போது பல்கலைக்கழகம் சிங்கப்பூரில்தான் இருந்தது. மக்கள்தொகை என் பாதி. பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு, வயதுவாரியாக அடுக்கிய கோபுரப் படம் எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். குடும்பக் கட்டுப்பாடு உன் பாதி. என் வகுப்பில் பையன்கள் தூங்குவார்கள். உன் வகுப்பில் தலை குனிந்து தங்கள் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீயோ ரப்பர் மூடிகளையும் களிம்புக் குழாய்களையும் மார்க்கெட்டில் காய் பரப்புகிற மாதிரி மேசையில் பரப்பி வைத்து, "வெக்கப்படறவங்க எல்லாம் சீக்கிரம் பட்டு முடிங்க, நான் பாடம் ஆரம்பிக்கணும்" என்பாய். டாக்டருக்குப் படித்த பெண்ணே அரிதாக இருந்த காலத்தில், அதுவும் ஒரு தமிழ்ப்பெண் வாயிலிருந்து இதைக் கேட்டு அவர்கள் வெலவெலத்துப் போவார்கள்.

அந்த வருடம் புதிதாக வந்திருந்தது நுரை மாத்திரை. விரல் நீளத்தில் சின்ன டின் குழாய், உள்ளே வட்ட வட்டமாக மாத்திரைகள். பெண் அதை உள்ளே வைத்துக்கொண்டால் உடம்பின் ஈரத்தில் நுரைத்துக் கருத்தரிக்காமல் காக்கும். டாக்டர் வந்து அளவெடுக்க வேண்டியதில்லை, ஆண் ஒத்துழைக்க வேண்டியதில்லை. தோட்டத்துப் பெண்களுக்கு இதைவிடத் தோதானது இல்லை என்று நீ முடிவு கட்டினாய். வகுப்பில் ஒரு மாத்திரையைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினாய். அது புஸ்ஸென்று பொங்கி மேசையில் வழிந்தது. முதல் வரிசையில் இருந்த செல்வநாயகம் சோடா என்று நினைத்து, "குடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "ஈரம் பட்டா போச்சு. ஒருதரம் நுரைச்ச மாத்திரை வெறும் சுண்ணாம்பு. இத மட்டும் மறக்காதீங்க" என்றாய்.

தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில், இருக்கிற பெண்ணிடம் நேரில் பேசத் தெரியாதவனுக்கு இந்தப் பாடத்தில் பாஸ் கிடையாது என்பது உன் சட்டம். அதனால்தான் மெர்டேக்காவுக்கு, நாட்டின் சுதந்திரத்துக்கு, முந்தைய வருடம், விடுமுறையில், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கேமரன் மலைக்குப் போனோம். வேறு தோட்டமே கிடைக்கவில்லையா என்று நான் கேட்டேன். காட்டிலிருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் இன்னும் முடிந்தபாடில்லை. அடிவாரத்தில் இருக்கும் தாப்பாவிலிருந்து மேலே ஏறுகிற சடக்கில், அந்த மலைச்சாலையில், முன்னாலும் பின்னாலும் ராணுவ லாரி வந்தால்தான் கார்கள் நகரும். ஒவ்வொரு வளைவிலும் மாணவர்கள் காட்டைப் பார்த்தார்கள். நீ காரில் தூங்கினாய், வாய் திறந்திருந்தது.

நாம் போன தோட்டம் பிரிஞ்சாங் தாண்டி இருந்தது. லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே வாசல். காட்டுக்குள் இருந்தவர்களுக்குத் தோட்டத்து ஆட்கள் சாப்பாடு கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனையும். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே எடுத்துப் போக முடியாது. காலையில் கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் வாசலில் வரிசையாக நின்று, சோதனை போடுகிற பெண் கூடையைக் கவிழ்த்து, சேலை மடிப்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் மலையேறினார்கள். மாலையில் வாசல் பூட்டினால் விடிந்துதான் திறக்கும்.

டின் விஷயத்தை நமக்குச் சொன்னது தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர். அவர் வீட்டில் தேநீர் குடித்தபோது பால் டின்னின் ஓட்டையில் பசை தடவிய காகிதம் ஒட்டியிருந்தது. ஏன் அப்படி என்று செல்வநாயகம் கேட்டான்.

"கடையில விக்கும்போதே ஓட்ட போட்டுத்தான் குடுக்கணும் தம்பி. பாலு, சார்டின், எதுவா இருந்தாலும். ஓட்ட போட்டா சீக்கிரம் கெட்டுரும்லா, காட்டுக்குக் கொண்டு போய் வெச்சுத் திங்க முடியாது. ஓட்ட போடாத டின்னு வீட்ல இருந்தா போலீசு மாத்தாக்காரன் புடிச்சிட்டுப் போயிருவான். பின்னால ஒரு லயத்துல ஒரே ஒரு பால் டின்னுக்காக ஒரு குடும்பமே ஸ்டேசன்ல கெடந்துச்சு."

நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். உனக்கு இது முன்பே தெரிந்திருந்தது. மாத்திரைக் குழாய்களுக்கு ஓட்டை போட வேண்டாம் என்று மலை நகரமான தானா ராத்தாவில் இருந்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய காகிதம் ஒன்று உன் கைப்பையில் இருந்தது. வாசலில் சோதனைக்காரி குழாய்களை எடுத்துக் குலுக்கிப் பார்த்து முகம் சுளித்தபோது அதைத்தான் நீட்டினாய். அவளுக்குப் படிக்கத் தெரியாது. முத்திரையைப் பார்த்து விட்டுவிட்டாள். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துவிட்ட பெருமை அன்று முழுக்க உன் முகத்தில் இருந்தது.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் பெண்களைக் கூட்டினார்கள். மலை மூட்டம் உள்ளேயே புகுந்துவிட்டது, பின்வரிசையில் இருந்தவர்கள் முகம் தெரியவில்லை. செல்வநாயகம் மனப்பாடம் செய்த பேச்சைத் தொடங்கினான். "குடும்பக் கட்டுப்பாடு" என்ற சொல் வந்ததும் கூட்டம் சலசலத்தது. ஒரு கிழவி எழுந்தாள்.

"அரிசிக்குக் கட்டுப்பாடு, டின்னுக்குக் கட்டுப்பாடு, ராவுல வெளிய போறதுக்குக் கட்டுப்பாடு. இப்ப புள்ளைக்குமா சட்டம் போட்டுட்டாங்க? அளவுக்கு மேல பெத்தா யார உள்ள போடுவீங்க, ஆம்பளையவா பொம்பளையவா?"

ஆமாம் ஆமாம் என்ற கூச்சலில் கொட்டகை அதிர்ந்தது. செல்வநாயகத்துக்கு அடுத்த வரி மறந்துபோனது. நீ எழுந்து போய்க் கிழவியின் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்துகொண்டாய். "சட்டம் எல்லாம் இல்ல பாட்டி. வேணும்னா எடுத்துக்கலாம், வேணாம்னா விட்டுரலாம். இந்தத் தோட்டத்துல அப்படி ஒண்ணாவது இருக்கட்டுமே" என்றாய். அவர்கள் சிரித்தது அப்போதுதான்.

சிரிப்பு அடங்கியபோது தூணோரம் நின்ற ஒருத்தி கேட்டாள். நெட்டையான பெண், கூடைப் பட்டை நெற்றியில் தடம் பதித்திருந்தது. மாரியாயி என்று பிறகு தெரிந்தது.

"எனக்கு வேணும்மா. எனக்கு அஞ்சு புள்ளைங்க. கடைசிப் புள்ளைக்கு ரத்தம் நிக்கவே இல்ல. இன்னொண்ணு பெத்தா நீ பொழைக்க மாட்டேன்னு தானா ராத்தா ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. சாவறதுக்குப் பயமில்லம்மா. அஞ்சும் அந்தரத்துல நிக்கும்."

அத்தனை பேர் முன்னால், மூன்று ஆண் மாணவர்கள் கேட்க, அவள் குரல் தடுமாறவே இல்லை. என் கோபுரப் படத்தில் அவள் வயதுக்காரிகள் ஒரு பட்டையாக இருந்தார்கள். அந்தப் பட்டையிலிருந்து ஒருத்தி வெளியே வந்து பேசியது போல் இருந்தது எனக்கு. அவளைப் பார்த்து வேறு பெண்களும் கையை நீட்டினார்கள். ஒவ்வொருத்தியிடமும் நீயே தனியாகப் பேசினாய், எப்படி வைத்துக்கொள்வது, எவ்வளவு நேரம் பொறுப்பது, ஈரம் படாமல் எங்கே வைப்பது என்று. மாரியாயியைத் திருப்பிச் சொல்லச் சொன்னாய். ஒரு பிழையில்லாமல் சொன்னாள்.

மறுபடி நாம் அங்கே போனது நீண்ட விடுமுறையில். முன்னே போன மாணவர்கள் லயம் லயமாக விசாரித்துவிட்டு மாலையில் டிரஸ்ஸர் வீட்டில் கூடினார்கள். செல்வநாயகத்தின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாரியாயிக்கு ஏழு மாசம் டாக்டர்."

அவன் மேலும் சொன்னான். மாத்திரை வாங்கிய பெண்களில் பலருக்கும் இதே கதை. அவன் ஏற்கெனவே காரணம் எழுதிவிட்டான்: பயன்படுத்துவோர் தவறு. பாடப்புத்தகத்தில் அப்படி ஒரு கட்டம் உண்டு, நான்தான் அதை நடத்தியிருந்தேன். "படிக்காதவங்க டாக்டர். சொன்னா தலையாட்டுறாங்க, வீட்டுக்குப் போய் மறந்துடறாங்க" என்றான்.

"மறந்துட்டேன்னு அவ சொன்னாளா?"

"இல்ல. தவறாமப் போட்டேன்னுதான் சொல்றாங்க. எல்லாரும் அப்படித்தான சொல்வாங்க."

நீ குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். நானும் அவனும் பின்னால் ஓடி வந்தோம்.

மாரியாயி லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள், அந்த வயிற்றோடு. நம்மைக் கண்டதும் கோடரியைக் கீழே போட்டாள். அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன், இல்லாவிட்டால் சண்டை பிடிப்பாள் என்று. அவள் தலையை மட்டும் குனிந்துகொண்டாள். ஏன் ஒழுங்காகப் போடவில்லை என்ற கேள்வி செல்வநாயகத்தின் நாக்கு நுனியில் நின்றது, எனக்குத் தெரிந்தது. என் நாக்கிலும் அதுதான் இருந்திருக்கும்.

நீ கேட்டது வேறு. "அந்த டின்ன கொஞ்சம் காட்டு."

அவள் உள்ளே போய், விளக்குக்குப் பின்னால் இருந்த பலகையிலிருந்து அதை எடுத்து வந்தாள். ஒரு துணியில் பத்திரமாகச் சுற்றியிருந்தாள். நீ மூடியைத் திறந்து உள்ளங்கையில் கவிழ்த்தாய். மீதியிருந்த மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டி, உப்பி, விரல் பட்டதும் உதிர்ந்தன. குழாயைத் திருப்பினாய். அடியில் ஆணி முனையளவு ஓட்டை. இந்த மலையின் மூட்டம் மாதக்கணக்காக அதன் வழியே போய் வந்திருந்தது.

"யாரு ஓட்ட போட்டா?" என்று கேட்டாய். வாசல் சோதனைக்காரியைத் திட்ட உன் குரல் தயாராக இருந்தது.

"நான்தாம்மா," என்றாள் மாரியாயி. "நீங்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். ஓட்ட போடாத டின்னுலா. மாத்தாக்காரன் வந்து பாத்தா எங்களப் புடிப்பான், சரி. யாரு குடுத்தான்னு கேப்பான்ல? ஒங்க பேரு கெட்டுப்போயிரக் கூடாதுன்னு அன்னிக்கே ஆணி வெச்சுக் குத்திட்டேன். மத்தவளுங்களுக்கும் சொன்னேன்."

நீ அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். அதிகாரி கையெழுத்துப் போட்ட காகிதம் அப்போதும் உன் கைப்பையில்தான் இருந்தது, மடிப்புக் கலையாமல். போலீசுக்குத் தெரியும், வாசலுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். டின்னை வீட்டில் வைத்திருக்கப் போகிறவர்களிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஓட்டையில்லாத டின் அவர்கள் கைக்கு வந்து வருடங்கள் ஆகியிருந்தன. ஈரம் படாத இடத்தில் வை என்றாய், அப்படியே வைத்தார்கள். குத்தாதே என்று சொல்ல வேண்டியிருக்கும் என்று உலகத்தில் எந்த டாக்டர் நினைத்திருப்பார்?

"தப்பு ஒன்னோடது இல்ல மாரியாயி," என்றாய். "என்னோடது." அவள் உன் மேல் இருந்த மழைத்துளியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். நீ சொன்னதை அவள் ஏற்றுக்கொண்டாளா என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. வெளியே வந்ததும் செல்வநாயகம் தன் தாளில் எழுதியிருந்த வரியை அடிக்க ஆரம்பித்தான், காகிதம் கிழிகிற வரை அடித்தான்.

மற்றப் பெண்களுக்கு வழி கிடைத்துவிட்டது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் புட்டிகளைக் கழுவிக் காயவைத்து, மாத்திரைகளை அதில் போட்டு, கார்க்கு வைத்து மெழுகால் அடைத்துக் கொடுத்தோம். கண்ணாடிப் புட்டிக்குச் சட்டம் இல்லை. ஆனால் மாரியாயிக்குப் புட்டி எதற்கு? அவளுக்கு முன்னால் இருந்தது பிரசவம். தோட்டத்து வாசல் மாலையில் பூட்டும், ராத்திரியில் வலி எடுத்தால் விடிகிற வரை அவள் உள்ளேதான் கிடக்க வேண்டும். போன தடவை மாதிரி ரத்தம் போனால் விடிகிற வரை தாங்க மாட்டாள். நீ கணக்கே போடத் தெரியாதவள் என்று நான் கேலி செய்வேன். அந்தக் கணக்கை மட்டும் நீ உடனே போட்டாய்.

தோட்டத்து மேனேஜர் துரையிடம் போனோம். பிரசவம் வரை மாரியாயியைத் தானா ராத்தாவில் ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்கவைக்க வேண்டும் என்றாய். அவர் கெட்டவர் இல்லை, களைத்த மனிதர். ஒருத்தியை விட்டால் எல்லோரும் கேட்பார்கள், வேலியைத் தாண்டி ஆள் தங்குவதற்குப் போலீஸ் ஒத்துக்கொள்ளாது, அவள் நோயாளியும் இல்லை, கர்ப்பிணிதான் என்றார். பிறகு உன் வாயிலிருந்து வந்த ஆங்கிலத்தைக் கேட்டு நான் ஆடிப்போனேன். பல்கலைக்கழகத்தின் கற்பித்தலுக்கு இவள் ஒரு முக்கியமான கேஸ், மாணவர்கள் இறுதி வரை கவனித்து அறிக்கை எழுத வேண்டும், இடையில் கேஸ் கைவிட்டுப் போனால் படிப்பே பாழ் என்று அடுக்கினாய். 'கேஸ்' என்று சொன்ன மாணவனை வகுப்பைவிட்டு வெளியே நிறுத்துகிறவள் நீ. பல்கலைக்கழகம் என்றதும் துரை நிமிர்ந்தார். அனுமதி கிடைத்தது.

வெளியே வந்ததும், "என்ன கிராணி, மொறைக்கிற? மனுசின்னு சொன்னேன், விடல. கேஸுன்னு சொன்னேன், விட்டுட்டான்" என்றாய்.

தானா ராத்தாவில் வாடகைக்கு எடுத்த வீட்டில் மாரியாயி, நீ, நான், இரண்டு மாணவிகள். செல்வநாயகம் வேண்டாமென்று சொல்லியும் ஊருக்குப் போகாமல் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் தங்கினான். வாழ்க்கையில் முதல்முறையாக மாரியாயிக்கு வேலை இல்லை. அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. நாம் துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். மாணவிகள் வைத்த குழம்பை மோந்து பார்த்துவிட்டுப் பேசாமல் அடுப்பை வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் புருஷன் காய்கறி லாரியில் தொற்றிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டி வருவான். ஐந்தும் அவளைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும். அவர்கள் திரும்பிப் போனதும் அவள் ஜன்னலோரம் நின்று லாரி வளைவில் மறைகிற வரை பார்ப்பாள். அப்போதெல்லாம் நீ எதையாவது கேட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நிற்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது, நான் பாத்திரம் கழுவுவேன்.

வலி எடுத்தது ஒரு முற்பகலில். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள், உன் தோளைப் பிடித்துக்கொண்டு. பையன் சுலபமாகப் பிறந்தான். பிறகு டாக்டர்கள் பயந்தபடியே ஆனது. ரத்தம் நிற்கவில்லை. நீ உள்ளே இருந்தாய், நான் வெளியே பெஞ்சில். பக்கத்தில் செல்வநாயகம் மாரியாயியின் ரப்பர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதை யார் அவனிடம் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் மூட்டம் கலைந்து, மறுபடி மூடி, மறுபடி கலைந்தது. நீ வெளியே வந்தபோது உன் முழங்கை வரை சிவப்பாக இருந்தது. "நின்னுருச்சு" என்றாய். "வேலிக்குள்ள இருந்திருந்தா செத்திருப்பா." அதைச் சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாய். உன்னை அப்படி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் செல்வநாயகம் முந்திக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பாடம். நாடு சுதந்திரம் அடைந்தது, அவசரகாலம் முடிந்தது, வேலி பிரிந்தது, பல்கலைக்கழகம் கோலாலம்பூருக்கும் வந்தது. ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் நீ அந்தக் குழாயை மேசையில் வைப்பாய். இந்தப் பெண் ஏன் கர்ப்பமானாள் என்று கேட்பாய். அறியாமை, மறதி, புருஷன், மூடநம்பிக்கை என்று பதில்கள் வரும். குழாயைத் தூக்கிப் பார்க்க ஒருவனும் வரமாட்டான். நீ ஓய்வு பெற்ற பிறகு குழாய் என்னிடம் வந்தது, கேள்வியும் வந்தது. "டின்னைக் காட்டு" என்பது நம் துறையில் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது. ஒரு திட்டம் தோற்று, மக்கள் மேல் யாராவது பழி போட்டால், மேசையின் எந்தப் பக்கத்திலிருந்தாவது அந்தக் குரல் வரும். குற்றம் பயன்படுத்தியவளிடம் இல்லை என்று நான் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைத்திருந்தேன்.

இனிமேல்தான் நீ அறியாதது.

உன் காரியத்தன்று ஈப்போவில் உன் வீடு நிறைந்திருந்தது. உன் பழைய மாணவர்கள் வந்திருந்தார்கள். செல்வநாயகம் முழு வழுக்கை, இரண்டு முறை மூக்கைச் சிந்தினான். பகல் ஏறியபோது காய்கறி லாரி ஒன்று வாசலில் நின்றது, கேமரன் மலையின் கோலா தெர்லாவிலிருந்து. ஓட்டி வந்தவன் நாற்பதைத் தொட்ட நெட்டையான ஆள். அவன் கைகொடுத்து இறக்கிவிட்ட கிழவியை எனக்கு முதலில் தெரியவில்லை. நெற்றியில் கூடைப் பட்டையின் தடத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அது போகவே இல்லை.

மாரியாயி உன் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கும்பிட்டாள். அழவில்லை. பிறகு நேரே அடுப்படிக்கு வந்து, "இத்தன பேருக்கு யாரு தேத்தண்ணி கலக்குறது?" என்று கேட்டுவிட்டு அடுப்பை வாங்கிக்கொண்டாள், தானா ராத்தாவில் செய்த மாதிரியே. நான் கோப்பைகளை அடுக்கினேன். அவள் அலமாரியிலிருந்து பால் டின்னை எடுத்தாள். ஆணியும் சுத்தியலும் பக்கத்திலேயே இருந்தன. டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"நீங்க குத்துங்கம்மா."

"ஏன், கை வலிக்குதா?"

"கைக்கு என்ன. நான் டின்னு குத்துறதில்லம்மா. அன்னிலேருந்து இல்ல. வீட்ல இவன்தான் குத்துவான்." லாரி ஓட்டி வந்து வாசலில் நின்ற மகனை, அன்று பிறந்தவனை, தலையால் காட்டினாள். "அவனுக்குத் தெரியும், சொல்லிட்டேன். அந்த ஓட்டையிலதான்டா நீ வந்தேன்னு. சிரிக்கிறான்."

"டாக்டர் ஒங்க தப்பு இல்லன்னு அன்னிக்கே சொன்னாங்களே" என்றேன்.

"சொன்னாங்க. நல்ல மனசு, அதான் சொன்னாங்க. குத்துனது நான்தானம்மா?"

கோபமாகவோ துக்கமாகவோ அவள் அதைச் சொல்லவில்லை. அரிசியில் கல் இருக்கிறது என்பது போலச் சொன்னாள். எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லித் தீர்த்த ஒரு வாக்கியம், யாருக்காகச் சொன்னோமோ அவளிடம் போய்ச் சேராமலே இருந்திருக்கிறது. அவள் மகனைப் பெற்று, வளர்த்து, லாரி வாங்கித் தந்து, பேரன் பேத்தி கண்டு, அவனில்லாமல் ஒரு நாளும் முடியாது என்ற நிலைக்கு வந்த பிறகும், ஆணியை மட்டும் அவள் தொடவில்லை. நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்தேன். நீ எதுவும் சொல்லியிருக்கமாட்டாய், பக்கத்தில் போய் நின்றிருப்பாய். அதனால் நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். எனக்கு வராத சாமர்த்தியம்தான், ஆனாலும் நின்றேன்.

அடுப்பில் தண்ணீர் கொதித்தது. "ஆறிரும்மா, குத்துங்க" என்றாள்.

டின்னை வாங்கிக் குத்தினேன். எதிர்ப்பக்கம் இன்னொன்று. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டின்னை வாங்கி ஒவ்வொரு கோப்பையிலும் அளவாகப் பால் ஊற்றினாள், ஒரு கோப்பைக்கும் குறையாமல்.

அதன்பின் எங்கள் வீட்டிலும் டின் குத்துகிற வேலையை நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். கருவி இருக்கிறதே என்று மருமகள் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டாள். உன் டின் குழாய் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும், வகுப்புக்குப் பயன்படும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் கோலா தெர்லாவுக்குப் போய் வர வேண்டும். மாரியாயி வீட்டில் பால் டின் தீர்ந்து புதியது எடுக்கும்போது, மகன் லாரியோடு வெளியே போயிருந்தால், குத்துவதற்கு அங்கே ஒரு ஆள் வேண்டும்.